நாயை வாங்கலாம், பழக்கத்தை வாங்க முடியுமா?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் பாதியில் எழுந்து போக நான் விட்டதில்லை. இங்கே போகலாம். ஆனால் கருத்து எழுதுகிறவர்கள் முழுதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

சார் தவறி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நான் ஒருத்திதான். மகன் டெக்சாஸில், மகள் பெங்களூரில். போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகன் ஒரு வீடியோ போட்டான். ஒன்றரை வயது லேப்ரடார். உட்கார் என்றால் உட்காருகிறது, நில் என்றால் நிற்கிறது, செருப்பை எடுத்து வந்து கொடுக்கிறது. முழுப் பயிற்சி முடித்த துணை நாய், விலை 1,60,000 ரூபாய். "அம்மாவுக்கு ஒரு துணை, நமக்கும் நிம்மதி" என்று எழுதியிருந்தான். குழுவில் 23 பேர். ஒரே நாளில் 17 பேர் கட்டை விரலைத் தூக்கிவிட்டார்கள். என் கொழுந்தன் ஒரு படி மேலே போய், "மதினி, வேலை தெரிஞ்ச ஆளை வேலைக்கு வைக்கிற மாதிரிதான். குட்டி வாங்கி யார் கஷ்டப்படுறது?" என்று எழுதினார். இங்கே முகநூலிலும் என் பழைய மாணவர்கள் நாலைந்து பேர், தங்கள் பெற்றோருக்கும் இப்படி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

என் பதில்: வேண்டாம். எனக்கும் வேண்டாம், உங்கள் அப்பா அம்மாவுக்கும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். நாய் பிடிக்காது என்பதால் சொல்லவில்லை. சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் சிப்பிப்பாறை நாய் வளர்த்தோம். 2005-ல் தபால் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டபோது அதை வகுப்புக்குக் கொண்டு போய் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். எதிர்ப்பு நாய் மேல் இல்லை. "பயிற்சி முடிந்தது" என்ற வார்த்தை மேல்தான்.

பார்க்காமல் சொன்னேன் என்று யாரும் சொல்லக் கூடாதே என்று நேரில் போய்ப் பார்த்தேன். மகள் பெங்களூரிலிருந்து வந்து கூட்டிப் போனாள். பயிற்சி கொடுக்கிற தம்பிக்கு முப்பது வயதிருக்கும். நல்ல பையன். அவர் சொல்லச் சொல்ல அந்த நாய் செய்த அழகை மறுக்க மாட்டேன். பிறகு வாரை என் கையில் கொடுத்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். "சிட்" என்றேன். நாய் என்னைப் பார்த்தது. பிறகு திரும்பி அந்தத் தம்பியைப் பார்த்தது. அவர் தலையை லேசாக அசைத்த பிறகுதான் உட்கார்ந்தது. அவரைக் கொஞ்ச நேரம் சுவருக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன். மறுபடி "சிட்" என்றேன். நாய் அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றது. தமிழ் வழியில் 38 வருஷம் பாடம் நடத்திவிட்டு, இந்த வயதில் ஒரு நாயிடம் நாலு தடவை இங்கிலீஷில் கெஞ்சினேன். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

அந்தத் தம்பி ஒளிக்காமல் சொன்னார். "அம்மா, நாய்க்கு நான் சொல்லிக் கொடுத்துட்டேன். உங்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பா? நீங்க பத்து நாளாவது தினம் வரணும். அப்புறம் உங்க வீட்டுக்கு வந்து அங்க பழக்கணும். பணம் கட்டிட்டு அன்னைக்கே வண்டியில ஏத்திட்டுப் போறவங்கதான் நிறைய. மூணு மாசத்துல நாய் பேச்சைக் கேக்கலன்னு போன் வரும்."

இந்த ஒரு பேச்சுக்காக அவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். அவர் சொன்னது ஆசிரியர் பயிற்சி படித்த எனக்குப் புதிதில்லை. கல்வி உளவியல் தாளில் பாவ்லோவ் இல்லாமல் வினாத்தாள் வராது. ரஷ்யாவில் மணியோசைக்கும் நாய்க்கு எச்சில் ஊற வைத்தாரே, அவர்தான். 1904-ல் செரிமான ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு வாங்கியவர். அவருக்குப் பிறகு ஸ்கின்னர் வருவார். சரியாகச் செய்தவுடன் பரிசு கிடைத்தால் அந்தச் செயல் திரும்ப வரும் என்பார். இவற்றை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய நாங்கள் வகுப்புக்குப் போன பிறகுதான் மறுபாதியைக் கற்றோம். பரிசு நின்றால் பழக்கம் மெல்ல மெல்லக் கரையும். இடம் மாறினால் தடுமாறும். ஆள் மாறினால் இன்னும் தடுமாறும். கரும்பலகையில் கணக்கைச் சரியாகப் போட்ட பையன் தேர்வு அறையில் முழிப்பதில்லையா? அவனுக்குக் கணக்கு மறந்துவிடவில்லை. அந்த அறையில் அவன் அதைப் போட்டுப் பழகவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு இன்னொரு பழைய கதை உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. அதை வளர்த்த வில்ஹெல்ம் வான் ஓஸ்டன், கணக்கு வாத்தியாராக இருந்தவர். கூட்டல் கேட்டாலும் கழித்தல் கேட்டாலும் குதிரை குளம்பால் தட்டி விடை சொல்லும். ஊரே வியந்தது. 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் தன் சோதனை முடிவை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தடுமாறியது. சரியான எண் வந்ததும் கேட்பவர் தன்னை அறியாமல் செய்யும் சின்ன அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. வான் ஓஸ்டன் யாரையும் ஏமாற்றவில்லை. தான் அசைவதே அவருக்குத் தெரியாது.

நான் பார்த்த லேப்ரடாரும் அதையேதான் செய்தது. பழகிய மிருகம் தன் ஆளைப் படிக்கிறது. பழக்கம் நாயின் தலைக்குள் மட்டும் இல்லை. நாய்க்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கிறது. 1,60,000 கொடுத்தால் நாய் வரும். நடுவில் இருப்பது அந்தத் தம்பியோடு அங்கேயே நின்றுவிடும். கொழுந்தனார் சொன்ன "வேலை தெரிஞ்ச ஆள்" உவமை இங்கேதான் தவறுகிறது. சமையல் தெரிந்தவர் எந்த வீட்டு அடுப்பிலும் சமைப்பார். நாய் கற்ற பாடத்தில் பாதி, கற்றுக் கொடுத்தவரின் முகத்தில் இருக்கிறது.

"அப்படியென்றால் கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்கள்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியில் அப்படியொரு பள்ளி தொடங்கியது. 1929-ல் அமெரிக்காவில் 'தி சீயிங் ஐ' தொடங்கியது. அந்த நாய்கள் செய்வது மகத்தான வேலை, அதை நான் வணங்குகிறேன். ஆனால் அங்கே நாயைப் பணம் வாங்கிக்கொண்டு ஏற்றி அனுப்புவதில்லை. பார்வையற்றவர் அங்கே போய் வாரக்கணக்கில் தங்கி, தனக்கென்று பொருத்திப் பார்த்த நாயோடு தெருத் தெருவாக நடந்து பழகிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். பயிற்சி இருவருக்கும்தான். நம் ஊரில் விற்பவர்கள் அந்த நாய்களின் பெருமையைக் காட்டி விலை சொல்கிறார்கள். அந்த ஆளுக்கான பயிற்சியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது எனக்கு எழுதச் சங்கடமான விஷயம். 1980-ல் வேலைக்குச் சேர்ந்தபோது என் வகுப்புதான் பள்ளியிலேயே அமைதியான வகுப்பு. ஆய்வுக்கு வந்த அதிகாரி குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று அப்போது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். அடியாத மாடு படியாது என்று நம்பினேன். என் மேசையில் பிரம்பு இருந்தது. சில வருஷம் கழித்து ஒரு பையன், விடை தெரிந்தும் கையைத் தூக்கப் பயந்து உட்கார்ந்திருந்தான் என்பதை அவன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று பிரம்பைத் தூக்கிப் போட்டேன். 2009-ல் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிக்கக் கூடாது என்று சொல்வதற்கு வெகுகாலம் முன்பு அது. ஆனால் அதற்கு முன்னால் அடித்தது அடித்ததுதான். அந்த வருஷப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அமைதியாக உட்கார்ந்திருப்பது வேறு, கற்றிருப்பது வேறு என்பதற்காக. வாட்ஸ்அப்பில் வருகிற அந்த வீடியோக்களை ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். வால் காலுக்கிடையே போகிறதா? காது பின்னால் ஒட்டிக் கிடக்கிறதா? தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா, ஆளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்புகிறதா? அப்படியானால் அந்த நாய் பாடம் படிக்கவில்லை, பயந்து கிடக்கிறது. கழுத்தை இறுக்கும் சங்கிலியும் மின் அதிர்ச்சி கொடுக்கும் பட்டையும் கடைகளில் கிடைக்கின்றன. நான் பார்த்த தம்பி அவற்றைத் தொடுவதில்லை. எல்லோரும் அவரைப் போல இல்லை. முப்பது நாளில் முழுப் பயிற்சி என்று ஒருவர் சொன்னால், எப்படி என்று கேளுங்கள். எந்த வழியில் கற்றது என்று வாங்குகிற உங்களுக்குத் தெரியாது. அந்தப் பயம் ஒரு நாள் பல்லாக வெளியே வந்தால், எதிரில் நிற்பது பேரப்பிள்ளையாக இருக்கலாம்.

இனி கணக்கு. லேப்ரடார் சுமாராக 10 முதல் 12 வருஷம் வாழும். ஒன்றரை வயது நாய் என்றால் இன்னும் ஒன்பது வருஷமாவது இருக்கிறது. சாப்பாடு, வருடாந்திரத் தடுப்பூசி, பூச்சி மருந்து, வைத்தியம் எல்லாம் சேர்த்து மாதம் 5,000 ரூபாய்க்குக் குறையாது என்று வளர்க்கிறவர்களிடம் விசாரித்தேன். ஒன்பது வருஷத்துக்கு 5,40,000. விலையோடு சேர்த்தால் 7,00,000. பணத்தைக் கூட விடுங்கள், மகன் தருவான். எனக்கு இப்போது 66. ஒன்பது வருஷம் கழித்து 75. முப்பது கிலோ நாய் ஒரு பூனையைக் கண்டு வாரை இழுத்தால் என் முட்டி என்ன ஆகும்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. நாய், பூனையால் விழுந்து அடிபட்டு அவசர சிகிச்சைக்குப் போகிறவர்கள் அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 86,000-க்கும் மேல். அதில் பெரும்பங்கு நாயால். வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று என் மாமியாரிடம் நான் பார்த்திருக்கிறேன்.

குழுவில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எனக்கு ஏதாவது ஆனால் இந்த நாயை யார் எடுத்துக்கொள்வீர்கள்?" கட்டை விரல் தூக்கிய 17 பேரில் ஒருவர் கூடப் பதில் எழுதவில்லை. மறுநாள் காலை யாரோ ஒரு நல்ல சிந்தனைப் படம் போட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

சரி, நானே முன்முடிவோடு பேசுகிறேனோ என்ற சந்தேகத்தில் எனக்கு நானே வீட்டுப்பாடம் கொடுத்தேன். நாய் இல்லாமலே முப்பது நாள் நாய் வளர்ப்பது. காலை 6 மணிக்கு அரை மணி நேரம், மாலை 5:30-க்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும். மொத்தம் 60 நடை. ஒரு நோட்டில் குறித்தேன். முட்டி வலியால் மூன்று நாள் போகவில்லை, 6 நடை போயிற்று. தென்காசியில் கல்யாணம், இரண்டு நாள், 4 நடை. கண் ஆஸ்பத்திரி ஒரு நாள், 2 நடை. மழையால் 5 மாலை. உண்மையைச் சொல்கிறேன், வெறும் சோம்பலால் 4 மாலை. ஆக 21 நடை போகவில்லை. 60-க்கு 39, அதாவது நூற்றுக்கு 65. பள்ளியில் இது நல்ல தேர்ச்சி. ஆனால் வீட்டில் நாய் இருந்திருந்தால், ஒரே மாதத்தில் 21 தடவை கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். ஓடியாடும் வயதில் உள்ள பெரிய நாய்க்கு நான் போதாது. இந்தச் சோதனையை உங்கள் பெற்றோரோடு செய்து பாருங்கள். செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா.

பாதுகாப்புக்காவது இருக்கட்டுமே என்றான் மகன். தம்பி, துணை நாயாகப் பழக்கிய லேப்ரடார், வருகிறவர் எல்லோரிடமும் வாலை ஆட்டும் சுபாவம் கொண்டது. வாசலுக்கு நல்ல விளக்கும் உள்தாழ்ப்பாளும் போட்டாகிவிட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரவு ஒன்பதுக்கு ஒரு குரல் கொடுக்கிறார்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பின்தெருவில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் ஆறு மாதம் முன்பு காலமானார். அவர் வளர்த்த நாட்டு நாய் ஜிம்மி. ஏழு வயது. வீட்டில் சோறு போடுகிறார்கள், ஆனால் அதோடு நடக்க ஆள் இல்லை. அவர் பேரன் ஒன்பதாவது படிக்கிறான். தடுப்பூசி அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்று வாரமாக மாலையில் அவனும் நானும் ஜிம்மியோடு நடக்கிறோம். என்னால் முடியாத நாளில் அவன் மட்டும் போகிறான்.

ஜிம்மிக்கு "சிட்" தெரியாது. நான் ஒரே ஒரு சொல் கற்றுக் கொடுத்தேன். "இரு." வாசல்படி இறங்கும்போது எனக்கு முட்டி மடங்க நேரமாகும், அதுவரை அது நிற்க வேண்டும். முதலில் முற்றத்தில், ஒரு நொடி நின்றாலே கால் துண்டு பிஸ்கட். பிறகு மூன்று நொடி. முற்றத்தில் நின்ற நாய் வாசல்படிக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறந்தது. மறுபடி முதலிலிருந்து. வாசலில் நின்றது, தெருவில் சைக்கிள் வந்ததும் மறந்தது. மறுபடி முதலிலிருந்து. பதினோரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் நான் சொல்லாமலே படியில் நின்று என் காலைப் பார்த்தது. அது கற்றதை விட நான் கற்றது அதிகம். நான் அவசரமாக இருந்தால் அதுவும் அவசரப்படுகிறது. குரல் உயர்ந்தால் நகர்ந்துவிடுகிறது. இதை 1980-ல் கற்றிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு நன்றாக இருந்திருக்கும்!

ஜிம்மி அவர்கள் வீட்டு நாய்தான், அங்கேயே இருக்கும். எனக்கு முன்னால் அது போனாலும், அதற்கு முன்னால் நான் போனாலும், அந்தப் பையன் இருக்கிறான்.

இவ்வளவுக்குப் பிறகும் பயிற்சி பெற்ற நாய்தான் வாங்குவேன் என்பவர்கள் இந்த ஐந்தையும் விடாதீர்கள்:

1. பயிற்சி நடக்கும் நேரத்தில் நேரில் போய்ப் பாருங்கள். நாய் தவறு செய்தால் என்ன செய்வார்கள் என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.

2. பயிற்சியாளர் கண்ணில் படாத இடத்தில் இருக்கும்போது, நாயோடு வாழப் போகிறவர் சொல்லிப் பார்க்கட்டும். வீடியோ பார்த்து முன்பணம் கட்டாதீர்கள்.

3. வாங்குகிறவருக்கு எத்தனை நாள் பயிற்சி, அதில் எத்தனை நாள் உங்கள் வீட்டில் என்று எழுதி வாங்குங்கள்.

4. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றையும் தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

5. பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா? உங்கள் பெற்றோருக்குப் பிறகு அந்த நாயை யார் வளர்ப்பது? இரண்டாவது கேள்விக்கு உங்கள் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் முதல் நான்கையும் கேட்க வேண்டாம்.

கடைசியாக என் மகனுக்கு. இதையும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேனே என்று கோபப்படாதே. "அம்மா எதுக்கெடுத்தாலும் வேண்டாம்னு சொல்றாங்க" என்று உன் அக்காவிடம் சொன்னாயாம். நீ பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாய் என் தனிமைக்கா, உன் கவலைக்கா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார். உன் கவலை குறைய வேண்டும் என்றால் அந்த 1,60,000-க்கு விமான டிக்கெட் எடு. நீ வந்து மூன்று வருஷம் ஆகிறது. தைக்கு வா, பத்து நாள் இரு. மாலை 5:30-க்கு எங்களோடு நடக்கலாம். ஜிம்மி உன்னைப் பார்த்து முதல் நாள் குரைக்கும். இரண்டாம் நாள் நீயே பிஸ்கட் கொடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்